டேப்பட் சத்தம்

மோட்டர் சத்தம் மாறியிருக்கிறது என்று அப்பா என்னிடம் மூன்று முறை சொன்னார். மூன்று முறையும் நான் ஒரே பதிலைத்தான் சொன்னேன். “ஒன்னுமில்லப்பா, டேப்பட் சத்தம்.”

முதல் முறை தீபாவளிக்கு வீட்டுக்குப் போயிருந்தபோது. வாசலில் நின்ற இஎக்ஸ்5-ஐ ஸ்டார்ட் செய்து காட்டினார். நான் முறுக்கைக் கடித்துக்கொண்டே கதவருகில் நின்று கேட்டேன். இரண்டாம் முறை, டிசம்பரில், ஃபோனில் சொன்னார். மூன்றாம் முறை வாட்ஸாப்பில் குரல் பதிவே அனுப்பிவிட்டார். இருபத்திரண்டு வினாடி. எஞ்சினை ஓடவிட்டு ஃபோனைப் பக்கத்தில் பிடித்திருக்கிறார். கடைசியில், “கேக்குதா தம்பி?” என்று அவர் குரல். மீட்டிங் அறைக்கு நடந்துகொண்டே ஒருமுறை கேட்டுவிட்டு அதே பதிலை டைப் செய்தேன். அவர் கட்டைவிரல் படம் அனுப்பினார். அதோடு முடிந்தது.

தைப்பூசம் முடிந்த வாரம், ஒரு காலை ஒன்பது மணிக்கு அம்மா அழைத்தார். அப்பா இரவு வேலை முடிந்து வரும் வழியில் மோட்டர் நின்றுவிட்டதாம். நான்கு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டே வீட்டுக்கு வந்திருக்கிறார். அறுபத்தொரு வயது. இனிப்பு நீர் உண்டு. ஏன் எனக்கு ஃபோன் செய்யவில்லை என்று கேட்டேன். “நீ வேலைக்குப் போற நேரமாம்,” என்றார் அம்மா.

*

நான் பினாங்கில் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவில் பொறியாளர். உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் இயந்திரவியல் படித்தேன். பம்புகளும் விசிறிகளும் கம்ப்ரசர்களும் எப்போது பழுதாகும் என்று முன்கூட்டியே சொல்வதுதான் என் வேலை. உணர்கருவியை பேரிங் வீட்டின் மேல் ஒட்டி, அதிர்வைப் பதிவு செய்து, திரையில் வரும் கோடுகளைப் படிப்பேன். புதிதாகச் சேரும் டெக்னீஷியன்களுக்கு நான் எடுக்கும் பாடத்தில் ஒரு வரைபடம் உண்டு. பேரிங் கெடும்போது முதலில் மனிதக் காதுக்கு எட்டாத ஒலி மாறும். பிறகு அதிர்வு கூடும். பிறகு சூடு. காதுக்குச் சத்தம் கேட்பதெல்லாம் கிட்டத்தட்டக் கடைசியில். “சத்தம் கேட்டுச்சுன்னா ஏற்கெனவே லேட்டு,” என்று சொல்வேன். எல்லாரும் தலையாட்டுவார்கள்.

இதைச் சொல்லிக்கொண்டிருந்த அதே மாதங்களில்தான் அப்பாவுக்கு அந்தப் பதிலையும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இஎக்ஸ்5 பற்றித் தெரியாதவர் நம் நாட்டில் இருக்க முடியாது. நூறு சிசிக்குக் கொஞ்சம் குறைவான, படுத்த நிலையில் சிலிண்டர் இருக்கிற சின்ன எஞ்சின். 1958-இல் ஜப்பானில் தொடங்கிய சூப்பர் கப் குடும்பத்தின் வாரிசு. எங்கள் வீட்டு மோட்டர் 2003-இல், நான் தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு சேர்ந்தபோது, பழைய மோட்டராக வாங்கியது. முன்னால் கூடையில் என் பை, பின்னால் நான். தோட்டத்தை விற்று, லயத்தைக் காலி செய்து தாமானுக்கு வந்தபோது சாமான் பாதி அதில்தான் வந்தது. பால்வெட்டு போய், ஜாகா வேலைக்கு அப்பா போய்வந்ததும் அதில்தான். அது சும்மா பழுதாகும் வண்டி இல்லை. எண்ணெயை ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் இன்னும் எத்தனையோ வருடம் ஓடும். அந்த ‘எண்ணெயை ஒழுங்காக’ என்பதில்தான் விஷயமே இருந்தது. அப்போது எனக்கு அது தெரியாது.

*

இரண்டு நாள் லீவு போட்டு சுங்கைப் பட்டாணிக்குப் போனேன். தாமான் முனையில் மோட்டர் கடை வைத்திருக்கும் போமேன் தம்பிக்கு என்னைவிட நான்கைந்து வயது குறைவு. தமிழ்ப்பள்ளியில் எனக்குக் கீழே படித்தவன். மோட்டரைத் தள்ளிக்கொண்டு போய் நிறுத்தியதும் அவன் ஸ்பேனரை எடுக்கவில்லை. கையைத் துணியில் துடைத்தான்.

“அண்ணே, போன மாசமே உங்கப்பா கொண்டாந்தாரு. கிராங்க் மாதிரி இருக்கு, தொறந்து பாக்கணும்னு சொன்னேன். ‘இல்லப்பா, என் மகன் இன்ஜினியரு. அவன் கேட்டுட்டான், டேப்பட்தான்’னாரு. சரின்னு டேப்பட் மட்டும் செட் பண்ணி அனுப்பிட்டேன்.”

எனக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. “தொறக்கலாம்,” என்றேன்.

எஞ்சின் சத்தங்களைப் பற்றி எனக்குத் தெரியாமல் இல்லை. டேப்பட் இடைவெளி கூடினால் எஞ்சின் தலையிலிருந்து ‘டிக் டிக்’ என்று மெல்லிய சத்தம் வரும். கேம் தண்டு கிராங்க் சுற்றுவதில் பாதி வேகத்தில்தான் சுற்றும் என்பதால் அந்தச் சத்தமும் பாதி வேகம்தான். டைமிங் செயின் தளர்ந்தால் சலசலக்கும். பிஸ்டன் தேய்ந்திருந்தால் காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது தட்டும், சூடானதும் அடங்கும். மெயின் பேரிங் போனால் தட்டாது, உறுமும், கால் மிதி வரைக்கும் அதிரும். பிக் எண்ட், அதாவது கோன்ராடின் கிராங்க் பக்கத்து முனை, தேய்ந்தால் கனமாக ‘டொக் டொக்’ என்று அடிவயிற்றிலிருந்து வரும். எஞ்சின் சூடேறி எண்ணெய் இளகும்போது அது அதிகமாகும். முறுக்கிவிட்டுச் சட்டென்று ஆக்ஸிலேட்டரை விட்டால், ராடின் மேல் விழும் பாரம் மாறுகிற அந்த நொடியில் தெளிவாகக் கேட்கும்.

அப்பா அனுப்பிய பதிவை மோட்டர் கடையில் நின்று மறுபடி கேட்டேன். டிக் டிக்தான் கேட்டது. கைப்பேசி மைக் மனிதக் குரலுக்காகச் செய்தது. கனத்த சத்தத்தையும் விடாமல் வரும் இரைச்சலையும் அது குறைத்துவிடும். இதுவும் எனக்குத் தெரியும். வேலையிடத்தில் யாராவது இப்படி ஒரு பதிவை அனுப்பி முடிவு கேட்டிருந்தால், இதை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்று திருப்பி அனுப்பியிருப்பேன். தீபாவளிக்கு நேரில் கேட்டேனே என்றால், அப்போது எஞ்சின் குளிர்ந்திருந்தது. ஒரு சுற்று ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும். முறுக்கு சாப்பிட்டேன்.

*

முதலில் எண்ணெயை வடித்தோம். அந்த எஞ்சினுக்கு ஒரு லிட்டர்கூடத் தேவையில்லை. ஆனால் வந்தது ஒரு கோப்பி கிளாஸ் அளவுகூட இல்லை. கறுப்பாக இருந்தது. வெயிலில் சாய்த்துப் பார்த்தால் மீன் செதில்போல் பொடி மின்னியது. இரும்பு.

பிறகு தலையைக் கழற்றி, சிலிண்டரை உருவினோம். பிஸ்டனைத் தாங்கிக்கொண்டு கோன்ராட் வெளியே தெரிந்தது. நான் அதைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினேன். ஆடியது. “போயிடுச்சு பாரு,” என்றேன்.

தம்பி சிரிக்கவில்லை. அதற்காக இன்றும் நன்றி. “சைடுல ஆடணும்ணே. ஆடலன்னாதான் தப்பு,” என்றான். ராடுக்கும் இரு பக்க வட்டுகளுக்கும் நடுவே எண்ணெய் போகக் கொஞ்சம் இடைவெளி வேண்டும். அதை ஃபீலர் கேஜ் விட்டு அளப்பார்கள். இந்த அளவு எஞ்சின்களில் 0.6 மில்லிமீட்டரைத் தாண்டினால்தான் கவலை. அவன் மேக்னட்டைத் திருகி ராடை உச்சிக்குக் கொண்டுவந்தான். கிராங்க் அசையாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் ராடை இழுத்தான், அமுக்கினான். ராடின் நீளவாக்கில்.

டக்.

சின்னச் சத்தம்தான். நீளவாக்கில் விரலுக்குத் தெரிகிற ஆட்டம் எதுவுமே இருக்கக் கூடாது. இருந்தால் பிக் எண்ட் முடிந்தது. நான் வாங்கிச் செய்து பார்த்தேன். டக். டக். அப்பா மூன்று மாதமாகக் கேட்டது இதைத்தான். எஞ்சின் வேகமாக ஓடும்போது நிமிடத்துக்கு ஆறாயிரம் சுற்று. வினாடிக்கு நூறு. ஒவ்வொரு சுற்றிலும் இந்த டக் அந்த ராடைத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

கிளட்ச் பக்கத்து மூடியைத் திறந்தபோது காரணத்தின் ஒரு பகுதி கிடைத்தது. இந்த எஞ்சினில் கிளட்ச் கிராங்கின் முனையிலேயே உட்கார்ந்திருக்கும். பம்ப் தள்ளும் எண்ணெய் அங்கே சுழன்று, அழுக்கு ஓரத்தில் ஒதுங்கி, சுத்தமான எண்ணெய் கிராங்கின் நடுத்துளை வழியாக பிக் எண்டுக்குப் போக வேண்டும். ஓரமெல்லாம் தார்போல் கசடு அப்பியிருந்தது. குறைந்த எண்ணெய், அதிலும் இந்தக் கசடு. பிக் எண்டுக்கு என்ன போய்ச் சேர்ந்திருக்கும்?

*

எஞ்சின் கூட்டை இரண்டாகப் பிரித்து கிராங்கை வெளியே எடுத்தோம். தமிழில் இதற்கு வணரித்தண்டு என்று ஒரு சொல் இருக்கிறது. வணர் என்றால் வளைவு. எனக்குப் பிடித்த சொல். ஆனால் கையில் எடுத்தால் அது வளைந்த தண்டுபோல் தெரியாது. கனமான இரண்டு இரும்பு வட்டு, நடுவே ஒரு பின், பின்னைக் கவ்விக்கொண்டு ராட். கார் கிராங்குபோல ஒரே துண்டு இல்லை. ஓட்டையைவிட இம்மியளவு பெரிய பின்னை அழுத்தி இறக்கி, அந்த இறுக்கத்தாலேயே எல்லாம் சேர்ந்து நிற்கிறது. போல்ட்டும் இல்லை, வெல்டிங்கும் இல்லை.

அதனால்தான் பிரித்துச் சேர்க்க முடிகிறது. அதற்கு நகரத்தின் பழைய கடைவரிசையில் ஒரு சீன அங்கள் இருக்கிறார். ஹைட்ராலிக் பிரஸ், இரண்டு வி பிளாக், இரண்டு டயல் கேஜ், ஒரு செம்புச் சுத்தியல். முழுசாகப் புது கிராங்க் வாங்கிவிடலாமே என்று நான் கேட்டேன். ஒரிஜினல் விலை அதிகம், மலிவானது எப்படி இருக்கும் என்று உத்தரவாதம் இல்லை, வட்டு நன்றாக இருக்கிறது, ராட் கிட் மாற்றினால் போதும் என்றார்கள். கிட்டும் கூலியும் சேர்த்து நூற்றைம்பது வெள்ளிக்குள்தான் ஆனது.

அங்கள் பிரஸ்ஸில் வைத்துப் பழைய பின்னை வெளியே தள்ளினார். ஒரு பக்கம் மேல்தோல் உரிந்து குழி விழுந்திருந்தது. சூட்டில் நீலம் பாய்ந்திருந்தது. அவர் அதை என் உள்ளங்கையில் வைத்தார். “இனி லாமா சூடா பூஞி,” என்றார். இது ரொம்ப நாளாகவே சத்தம் போட்டிருக்கும் என்று அர்த்தம். இன்னும் ஒரு வாரம் ஓடியிருந்தால் ராட் உடைந்து கூட்டைப் பொத்திருக்கும், பின்சக்கரமும் பிடித்திருக்கலாம் என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். அப்பா வரும் சாலையில் அந்த நேரத்தில் மண் லாரிகள் போகும்.

புதுப் பின்னை இறக்கும் முன் அதன் எண்ணெய்த் துளையை எனக்குக் காட்டினார். வட்டில் இருக்கும் துளையோடு இது நேராகச் சேர வேண்டும். கொஞ்சம் திருகி இறங்கினாலும் வெளியே பார்க்க எல்லாம் அழகாக இருக்கும். ஓடவும் ஓடும். எண்ணெய் மட்டும் போகாது.

பிறகு நேர்பார்த்தல். கிராங்கை வி பிளாக்கில் படுக்கவைத்து, இரு பக்கத் தண்டிலும் டயல் முள்ளை வைத்து, கையால் மெல்லச் சுற்றினார். முதல் சுற்றில் 0.25 மில்லிமீட்டர் காட்டியது. டயல் காட்டுவது உண்மையான விலகலின் இரண்டு மடங்கு. அப்படிப் பார்த்தாலும் இது மிக அதிகம். முள் எங்கே ஏறுகிறது என்று பார்த்தே தவறு எந்த வகை என்று சொல்லிவிடலாம். பின் இருக்கும் திசையிலேயே ஏறி இறங்கினால் வட்டுகள் ஒரு பக்கம் நெருங்கியோ விரிந்தோ இருக்கின்றன. அதற்குக் குறுக்காக ஏறினால் ஒரு வட்டு மற்றதைவிடத் திருகியிருக்கிறது. எங்களுடையது திருகல். சாக்பீஸால் குறி போட்டு, கையில் தூக்கிப் பிடித்து, செம்புச் சுத்தியலால் வட்டின் விளிம்பில் ஓர் அடி. மறுபடி பிளாக், மறுபடி சுற்று. 0.12. இன்னோர் அடி. 0.06. அடுத்த அடியில் 0.09-க்கு ஏறியது, எதிர்ப்பக்கம். நான் மூச்சை இழுத்தேன். அவர் ஒன்றும் சொல்லாமல் மறுபக்கம் தட்டினார். முக்கால் மணி நேரத்தில் 0.02. ஒரு தலைமுடியின் தடிமனில் பாதிகூட இல்லை.

அடி, பார், அடி, பார். ஒவ்வோர் அடிக்குப் பிறகும் அவர் அளந்தார். முன்பு அளந்தோமே, தெரிந்ததுதானே என்று ஒருமுறைகூட விடவில்லை.

*

வேலையிடத்தில் ஒரு பழுது வந்தால் ‘ஏன்’ என்று ஐந்து முறை கேட்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். அன்றிரவு அதைச் செய்தேன்.

பிக் எண்ட் ஏன் போனது? எண்ணெய் போதவில்லை. ஏன் போதவில்லை? பிஸ்டன் ரிங் தேய்ந்து எண்ணெயை எரித்திருக்கிறது. சிலிண்டரைத் தடவியபோதே தெரிந்தது, அதையும் சேர்த்துச் செய்தோம். இல்லாவிட்டால் புது கிராங்கும் ஆறு மாதத்தில் இதே கதிதான். சரி, எண்ணெய் குறைந்ததை ஏன் பார்க்கவில்லை? அப்பா வாரம் ஒருமுறை டிப்ஸ்டிக்கை எடுத்துத் துடைத்துப் பார்ப்பவர். எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான்.

சாப்பிட்டுக்கொண்டிருந்தவரிடம் கேட்டேன். “எண்ணெ பாக்கலையாப்பா?”

“பாத்தேனே.”

“கொறைஞ்சிருந்துச்சே.”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். “அந்தக் கோடு தெரியமாட்டேங்குது தம்பி. கொஞ்ச நாளாவே.”

நான் டிப்ஸ்டிக்கைக் கொண்டுவந்து விளக்கடியில் பிடித்தேன். எந்தக் கோடு, எங்கே என்று கேட்டேன். அவர் விரலால் தடவித்தான் காட்டினார். ஒரு கண்ணை மூடச் சொன்னேன். வலது கண்ணில் என் விரல்களை எண்ண முடியவில்லை. எதிரே வரும் லாரி விளக்கெல்லாம் பூப்போல விரிந்து தெரிவதாகச் சொன்னார். ஓராண்டாக இரவில் இந்தக் கண்ணோடுதான் பன்னிரண்டு கிலோமீட்டர் போய் வந்திருக்கிறார்.

“ஏம்ப்பா சொல்லல?”

இது நான்காவது ஏனா, ஐந்தாவதா என்று தெரியவில்லை.

“என்னன்னு சொல்றது. நீயும் ஒன்னுமில்லன்னுதான் சொல்லப்போற,” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அம்மாவிடம் ரசம் கேட்கிற குரலில்தான் சொன்னார்.

எங்கள் வீட்டுக் கூடத்தில் என் பட்டமளிப்புப் படம் மாட்டியிருக்கிறது. வருகிறவர்களிடம் எல்லாம் அப்பா அதைக் காட்டுவார். அந்தப் படத்தை மாட்டிய நாளிலிருந்து ஓட்டைக் குழாய் முதல் வங்கிக் கடிதம்வரை என்னைக் கேட்காமல் அவர் எதையும் முடிவு செய்வதில்லை. எனக்கு அது பெருமையாகவும் இருந்தது, தொந்தரவாகவும் இருந்தது. தொந்தரவாக இருந்ததால் சீக்கிரம் பதில் சொல்லி முடித்துவிடுவேன். இருபது ஆண்டு அதே எஞ்சினைக் கேட்ட காதை, இருபத்திரண்டு வினாடி கேட்ட என் காதுக்காக அவர் ஒதுக்கிவைத்தார். அவர் கேட்டது சரி என்று அவருக்கே தெரியும். போமேனும் அதையே சொன்னான். இருந்தும் என் பேச்சைத்தான் நம்ப விரும்பினார்.

ஒரே ஓர் இடத்தில்தான் அவர் என் பேச்சை மீறியிருக்கிறார். அன்று காலை மோட்டர் தானாக நிற்கவில்லை. பிறகுதான் சொன்னார். “சத்தம் வேற மாதிரி ஆச்சு. அதான் நானே அடைச்சிட்டேன். அதுக்கு மேல ஓட்ட மனசு வரல.” அங்கள் சொன்ன அந்த ஒரு வாரம் அப்படித்தான் எங்களுக்கு மிஞ்சியது.

*

புது பேரிங், புது எண்ணெய் சீல், கேஸ்கெட் எல்லாம் போட்டு மறுநாள் மாலை எஞ்சினைச் சேர்த்தோம். மூன்றாவது உதையில் பிடித்தது. அப்பா பிளாஸ்டிக் நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, கண்ணை மூடிக் கேட்டார். சூடாகட்டும் என்று கையைக் காட்டினார். பத்து நிமிடம் கழித்து அவரே முறுக்கி, விட்டு, முறுக்கி, விட்டுப் பார்த்தார். “இப்ப சரி,” என்றார். அதுவரை நானும் தம்பியும் வாய் திறக்கவில்லை.

இரண்டு கண்ணிலும் புரை என்று மருத்துவமனையில் சொன்னார்கள். வலது கண்ணுக்கு முதலில் செய்வார்கள், தேதி கொடுத்திருக்கிறார்கள். சூப்பர்வைசரிடம் பேசிப் பகல் வேலைக்கு மாற்றிக்கொண்டோம். போய்வர, கூட வேலை செய்பவர் காரில் ஏற்றிக்கொள்கிறார். மோட்டரை அப்பா இப்போது தாமானுக்குள், வெளிச்சம் இருக்கும்போது மட்டும்தான் ஓட்டுகிறார். டிப்ஸ்டிக் கோட்டின் மேல் வெள்ளைப் பெயிண்டால் நான் ஒரு குறி வைத்தேன். எண்ணெய்ச் சூட்டில் அது இரண்டே வாரத்தில் உரிந்துவிட்டது. இப்போது அம்மா பார்த்துச் சொல்கிறார்.

போன வாரம் வேலை நேரத்தில் ஃபோன் வந்தது. “தம்பி, மூணாவது கியர்ல ஒரு மாதிரி சத்தம் வருது.”

‘ஒன்னுமில்லப்பா’ என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

“தெரியலப்பா. எப்படிக் கேக்குது, சொல்லுங்க,” என்றேன்.

பத்து நிமிடம் சொன்னார். நான் எழுதிக்கொண்டேன்.